தூளின் மணமும் வறுத்த கையும்

பாரிசுக்கு வந்து முப்பது வருடங்களுக்கு மேலாகிவிட்டது. நாளாந்தம் பாவிக்கும் பொருட்களில் மிகப் பிரியமானது எது என்று என்னிடம் கேட்டால், கறித்தூள் என்றுதான் சொல்வேன். சுப்பர் மார்க்கற்றில் சிறு போத்தலில் விற்கும் மஞ்சள் பவுடரை நான் சொல்லவில்லை. நான் சொல்வது லாச்சப்பலில் ஒரு சிறு கடையில் வாங்கும் வறுத்த யாழ்ப்பாணத் தூளை. கடையின் முன்தட்டில் வண்ணப் பைக்கற்றுகள் அடுக்கியிருக்கும். நான் வாங்கும் தூள் அங்கே இருக்காது. வாடிக்கைக்காரருக்கென்று உள்ளே வைத்திருப்பார்கள். கடைக்காரர் ஒவ்வொரு தடவையும் சொல்லும் வசனம் இதுதான்: "அண்ணை, இது வீட்டுத் தூள். நேற்றுத்தான் அரைச்சது."

வீட்டுத் தூள் என்றால் எந்த வீட்டுத் தூள்? பன்னிரண்டு வருடங்களாக நான் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. இக்கட்டுரை அந்தக் கேள்வியிலிருந்துதான் பிறந்தது.

முதலில் தூளைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்தத் தூள் மீதான விருப்பத்தை வெறும் ஊர் ஏக்கம் என்று தள்ளிவிடும் நண்பர்கள் நம்மிடையே உண்டு. அது முழு உண்மையல்ல. செத்தல் மிளகாய், மல்லி, பெருஞ்சீரகம், சின்னச்சீரகம், மிளகு, வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை ஆகியவைதான் அடிப்படைச் சாமான்கள். அளவு வீட்டுக்கு வீடு வேறுபடும். வேறுபடாதது, ஒவ்வொன்றையும் தனித்தனியே வறுக்கும் முறை. மல்லிக்குத் தடித்த கோது, சூடேற நேரமெடுக்கும். வெந்தயம் ஒரு கணம் பிந்தினாலும் கருகிக் கைக்கும். மிளகாயை அதிகம் வறுத்தால் நிறம் போய்விடும். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு வறுத்தால், ஒன்று பச்சையாக நிற்க மற்றது கருகிவிடும். சூடு ஏறும்போது தானியத்திலும் விதையிலும் உள்ள சீனியும் புரதக்கூறுகளும் சேர்ந்து புதிய மணங்களை உண்டாக்குகின்றன. பாண் வேகும்போதும் கோப்பி வறுபடும்போதும் நிகழ்வது இதுவே. ஆகவே வறுத்த தூளின் மணம் சாமான்களுக்குள் ஏற்கெனவே இருந்த மணமல்ல. வறுப்பவரின் வேலையால் புதிதாக உண்டாக்கப்படுவது.

சிறிய அளவில் செய்வது ஏன் நல்லது என்பதற்கும் காரணம் உண்டு. மல்லியினதும் சீரகத்தினதும் மணத்தைத் தருவன எளிதில் ஆவியாகும் எண்ணெய்கள். விதையாக இருக்கும்வரை கோது அவற்றைக் காக்கும். அரைத்த நாளிலிருந்து அவை வெளியேறத் தொடங்குகின்றன. மிளகாயின் சிவப்பும் வெளிச்சத்தில் மெல்ல வெளிறும். மாதக்கணக்கில் களஞ்சியத்திலும், பின்னர் கண்ணாடியோரத் தட்டிலும் கிடந்த தூளைவிட, பத்துக் கிலோவாக வறுத்து அந்த வாரமே விற்றுத் தீரும் தூள் மேலாக இருப்பதில் வியப்பில்லை.

ஆனால் 'நம்மவர் செய்தது' என்பதே தரத்துக்கு உத்தரவாதமாகிவிடாது. 2003 இல் இந்தியாவிலிருந்து வந்த மிளகாய்த்தூளில் 'சூடான்' எனும் செயற்கைச் சாயம் கலந்திருப்பது பிரான்சில் கண்டுபிடிக்கப்பட்டது. மெழுகுக்கும் பாதணிப் பொலிஷுக்கும் நிறமூட்டும் சாயம் அது, உணவில் தடைசெய்யப்பட்டது. அவ்வருடம் யூனிலேயே ஐரோப்பிய ஒன்றியம் இறக்குமதியாகும் மிளகாய்க்குப் பரிசோதனைச் சான்றிதழைக் கட்டாயமாக்கியது. 2005 இல் பிரித்தானியாவில் இதே சாயத்தின் பொருட்டு நூற்றுக்கணக்கான உணவுப் பொருட்கள் கடைத்தட்டுகளிலிருந்து அகற்றப்பட்டன. அந்நாட்களில் நம்மில் பலர், "எங்கடை தூளிலை அப்படி ஒண்டும் இராது" என்று பேசிக்கொண்டோம். எதை வைத்துச் சொன்னோம்? செய்தவர் யாரென்றே தெரியாமல் செய்தவரை நம்பியிருந்தோம்.

'எங்கள் தூள்' என்பதிலும் ஒரு வரலாற்றுச் சிக்கல் உண்டு. மிளகாய் அமெரிக்கக் கண்டத்துப் பயிர். போர்த்துக்கீசரின் கடல்வழி வணிகத்தோடு நம் பக்கம் வந்தது. அவர்களுக்கு முன்னர் எங்கள் உணவின் உறைப்பு மிளகுதான். ஆகவே தூய்மை பற்றிப் பெருமை பேச இதில் ஒன்றுமில்லை. தொடர்ச்சியாக இருந்து வந்தது வேறொன்று: வறுத்தவர்கள் பெண்கள். ஊரில் முற்றத்துப் பாயில் மிளகாயைக் காயப்போட்டு, காம்பு நீக்கி, கண்ணெரிய அடுப்படியில் நின்று வறுத்தது அம்மாவும் அக்காமாரும். அதைச் சைக்கிளில் மில்லுக்குக் கொண்டுபோனது நான். மில்காரருக்குக் காசு கொடுத்தோம். வறுத்தவருக்குக் கொடுக்கவில்லை. கொடுக்கவேண்டிய ஒன்றாக அது யாருக்கும் தோன்றவும் இல்லை.

1983 க்குப் பின்னர் இங்கு வந்தவர்களில் பெரும்பாலோர் தனி ஆண்கள். ஓர் அறையில் ஆறு பேர் இருந்த நாட்களில் தூள் ஊரிலிருந்து பொதியாக வந்தது. 1990 யூனில் போர் மீண்டும் தொடங்கிப் பாதைகள் அடைபட்டதும், எங்கள் அறைக்கு வந்துகொண்டிருந்த பொதிகள் நின்றுபோயின. அதே காலத்தில் மனைவியரும் சகோதரிகளும் இங்கு வந்து சேரத் தொடங்கினர். தூள் இங்கேயே வறுபடத் தொடங்கியது. முதலில் சொந்த வீட்டுக்கு, பின்னர் தெரிந்தவர்களுக்கு, கடைசியில் கடைக்கு. வீட்டு வேலையாக இருந்தது இவ்வாறு சந்தைப் பண்டமாயிற்று. பண்டத்துக்கு விலை வந்தது. வேலைக்கு வந்ததா என்பதே கேள்வி.

ஒரு மரணவீட்டில் தற்செயலாக அந்த வீட்டைக் கண்டுபிடித்தேன். பாரிசின் வடக்குப் புறநகரில், ஒரு அடுக்குமாடியின் ஐந்தாம் தளத்தில், எனக்கு வருடக்கணக்காகத் தெரிந்த ஓர் அக்காவின் வீடு அது. பதினெட்டு வருடங்கள் அவர் கடைக்குத் தூள் வறுத்திருக்கிறார். சாமானைக் கடைக்காரர் கொண்டுவந்து இறக்குவார். வறுத்ததை எடுத்துப்போய்க் கடையின் நிலக்கீழ் அறையிலுள்ள இயந்திரத்தில் அரைப்பார். கிலோவுக்கு இரண்டு யூரோ கூலி. பத்துக் கிலோவைத் துப்புரவாக்கி வறுத்து ஆறவைக்க ஏழு மணித்தியாலம் ஆகும் என்றார். கணக்குப் பார்த்தால் மணித்தியாலத்துக்கு மூன்று யூரோவும் இல்லை. அயலவர் மணம் பற்றி முறைப்பாடு செய்ததால், அவர்கள் வேலைக்குப் போனபின் பகலில் மட்டும், மாரியிலும் யன்னல்களைத் திறந்துவைத்து வறுத்திருக்கிறார். "தம்பி, நீங்கள் அந்தக் கடையிலையோ வாங்கிறனீங்கள்? அப்ப என்ரை தூளைத்தான் சாப்பிட்டிருக்கிறியள்" என்று சொல்லிச் சிரித்தார். அவருக்கு அதில் பெருமை இருந்தது. எனக்குத்தான் என்ன சொல்வதென்று தெரியவில்லை.

இப்போது அவருக்கு அறுபத்தாறு வயது. இந்நாட்டில் ஓய்வூதியம் காலாண்டுக் கணக்கில் எண்ணப்படுகிறது. 2014 முதல், 150 மணித்தியாலத்துக்கான சட்டபூர்வக் குறைந்தபட்சக் கூலிக்குச் சமமான தொகையை உழைத்துப் பங்களிப்புக் கட்டினால் ஒரு காலாண்டு பதிவாகும். அதற்கு முன்னர் 200 மணித்தியாலம். பதினெட்டு வருட வறுப்பில் அவருக்குப் பதிவான காலாண்டு ஒன்றுகூட இல்லை. கையில் வாங்கிய காசு எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. அரசின் முதியோர் உதவிக்கு விண்ணப்பித்திருக்கிறார். அது கிடைக்கலாம். ஆனால் அது உதவி. உழைத்ததற்கான உரிமை அல்ல.

இதை எழுதினால் எழக்கூடிய மறுப்புகளை நான் அறிவேன். கடைக்காரரும் அகதிதான், அந்தத் தெருவில் வாடகை கட்டி, வரி கட்டி, பெரிய இறக்குமதியாளரோடு போட்டியிடுகிறார் என்பது ஒன்று. இது உண்மை. அந்த அக்காவும் கடைக்காரரைக் குறை சொல்லவில்லை. மொழி தெரியாமல், கைக்குழந்தையோடு வீட்டில் இருந்த காலத்தில் தன் கையில் காசு புழங்கச் செய்தவர் அவரே என்றார். இதையும் நான் மறைக்க விரும்பவில்லை.

சட்டத்துக்குள் கொண்டுவந்தால் தொழிலே அழிந்துவிடும் என்பது மற்றைய மறுப்பு. இதை நான் முழுதாக ஏற்கவில்லை. 2006 முதல் நடைமுறையிலுள்ள ஐரோப்பிய உணவுச் சுகாதார விதிகள், வீட்டில் செய்து விற்பதை முற்றாகத் தடைசெய்யவில்லை. பதிவையும் துப்புரவு ஒழுங்குகளையும் கோருகின்றன. 2009 சனவரியில் பிரான்சில் நடைமுறைக்கு வந்த 'ஒட்டோ-ஆந்த்ரப்ரனேர்' முறை, இன்றைய பெயரில் 'மிக்ரோ-ஆந்த்ரப்ரனேர்', ஒருவர் தன் சிறு தொழிலைத் தானே பதிந்து, விற்றுவரவின் ஒரு பங்கைச் சமூகக் காப்புக்குக் கட்ட வழிசெய்கிறது. அதனால் தூளின் விலை கூடும். அந்தக் கூடுதலைக் கொடுக்க நாம் ஆயத்தமா என்பதே உண்மையான கேள்வி. பெண்ணின் உழைப்புப் பற்றி இத்தகைய ஏடுகளில் பக்கம் பக்கமாக எழுதிய நான், கிலோவுக்கு ஐம்பது சதம் ஏறியபோது கடைக்காரரோடு வாதாடியவன்.

பைக்கற்றில் எல்லாம் எழுதிவிட்டால் போதும் என்றும் சொல்லமுடியாது. 2014 டிசம்பர் முதல் நடைமுறையிலுள்ள ஐரோப்பிய விதி, பொதிசெய்த உணவில் சேர்மானங்கள், திகதி, நிறை, பொறுப்பான வணிகத்தின் பெயர், முகவரி ஆகியவற்றைக் கேட்கிறது. வறுத்தவரின் பெயரை அது கேட்பதில்லை.

பெயர் போனால் என்ன ஆகும் என்பதற்கு இந்த நாட்டிலேயே ஓர் உதாரணம் உண்டு. பிரெஞ்சுச் சுப்பர் மார்க்கற்றுகளில் 'கொலம்போ' என்றொரு தூள் விற்கிறார்கள். மல்லி, சீரகம், மஞ்சள், வெந்தயம், கடுகு சேர்ந்தது. மார்த்தினிக், குவாதலூப் தீவுகளின் பாரம்பரிய உணவாக அது அறியப்படுகிறது. 1853 இல் மார்த்தினிக்கிலும் 1854 இல் குவாதலூப்பிலும் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக இறக்கப்பட்ட இந்தியர்கள் கொண்டுவந்த கலவை அது. அவர்களில் பெருந்தொகையானோர் தமிழர். 'குழம்பு' என்ற சொல்லே திரிந்து 'கொலம்போ' ஆயிற்று என்பாரும் உளர். நகரத்தின் பெயரே என்பாரும் உளர். தூள் இன்றும் இருக்கிறது. அதை வறுத்த பெண்களின் பெயர் ஒன்றும் அந்தப் போத்தலில் இல்லை.

சென்ற மாதம் கடைக்குப் போனபோது கேட்டேன்: இப்போது யார் வறுக்கிறார்கள், என்ன கொடுக்கிறீர்கள், பதிந்திருக்கிறீர்களா என்று. கடைக்காரர் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பின்னர், "அண்ணை, இவ்வளவு காலமும் ஒருத்தரும் கேக்கேல்லை" என்றார். தூளை வாங்கிக்கொண்டு வந்தேன். கடையைப் புறக்கணிப்பதால் அந்த வீட்டுக்கு நன்மையேதும் இல்லை. ஆனால் கேட்பவர் ஒருவராக இருக்கும்வரை பதில் வராது. வாங்குபவர்கள் எல்லோரும் கேட்கவேண்டும். கேட்பதோடு, வரும் விலையைக் கொடுக்கவும் வேண்டும். இதைவிட வேறு வழி உண்டென்று கருதுவோர் எழுதட்டும்.