வெள்வால் காட்டெலியும் வயலெலியும்

எலி யாவும் பயிருக்குச் சத்துரு என்பது குடியானவர்களின் பொதுவான எண்ணம். எல்லா எலிக்கும் அது பொருந்தாது. 1881-இல் ஆங்கில விலங்கியலறிஞர் தாமஸ் வர்ணித்த வெள்வால் காட்டெலி, பாறையிடுக்கிலும் மரப்பொந்திலும் வசிப்பது. உடலின் மேற்புறம் சாம்பல் நிறம், அடிப்புறம் வெண்மை, நீண்ட வாலின் நுனிப்பக்கம் வெளுத்திருக்கும். இரவிலேயே இரை தேடும். குன்றத்தூர்க் குன்றைப்போல் பாறையும் புதரும் சேர்ந்த இடங்கள் அதன் வாசத்துக்கு ஏற்றவை.

நெற்கதிரைக் கத்தரித்து வளைக்குள் சேமிப்பது வயலெலியே. வரப்பில் வளைவாயருகே புதுமண் குவிந்திருத்தல் அதன் அடையாளம். ஆகையால் எலியொழிப்பு வரப்பில் நடைபெற வேண்டும். குன்றடிப் புதரில் நஞ்சிட்டால் ஒரு படி நெல்லும் மிஞ்சாது. நஞ்சுண்ட எலியைத் தின்னும் ஆந்தையும் மடியும். செங்கற்பட்டுப் பகுதி இருளரைப்போல் வளையை வெட்டிப் பிடித்தால், எலி சேமித்த நெல்லும் கைக்கு வரும். கிராம அதிகாரிகள் இதனை விவசாயிகளுக்கு எடுத்துரைப்பார்களாக.