கம்பெனி தரும் கார்... புது டிரைவருக்கு எது சரி?

பதவி உயர்வுக் கடிதத்தோடு இன்னொரு மெயிலும் வருகிறது. ஆன்ரோடு விலை 12 லட்சம் ரூபாய்க்குள் பிடித்த காரைத் தேர்வு செய்து 15 நாள்களுக்குள் சொல்ல வேண்டும். கோவையில் ஒரு மருந்து நிறுவனத்தில் ஏரியா மேனேஜராகியிருக்கும் 34 வயதுப் பெண்ணுக்கு அந்த மெயில் வந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். அவருக்கு லைசென்ஸ் கைக்கு வந்து மூன்று வாரம்தான் ஆகிறது.

அன்று ராத்திரி வீட்டில் என்ன நடக்கும் என்பதை ஊகிப்பது கஷ்டமில்லை.

"கல்யாணம் காட்சின்னு போனா நாலு பேரு பாக்கற மாதிரி பெரிய வண்டியா எடு கண்ணு" என்பார் அப்பா.

"கம்பெனி காசுதானேக்கா... சன்ரூஃப் வெச்சதா பாரு" என்பான் தம்பி.

கணவர் மட்டும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நம்ம பார்க்கிங்ல அந்தத் தூணு இருக்கே, அதை யோசிச்சியா?" என்று கேட்பார்.

மூவரில் உருப்படியான கேள்வி கேட்டவர் கணவர்தான். ஆனால், முதலில் தம்பிக்குப் பதில் சொல்லியாக வேண்டும். ஏனென்றால், 'கம்பெனி காசு' என்ற அந்த இரண்டு வார்த்தைகளில்தான் பலரும் வழுக்கி விழுகிறார்கள்.

தனியார் நிறுவனங்கள் பலவற்றில் கம்பெனி கார் என்பது குத்தகைக் கார். லீஸ் நிறுவனம் காரை வாங்கித் தரும். மாத வாடகை ஊழியரின் மொத்தச் சம்பளக் கணக்கிலிருந்து, வரிக்கு முன்பே கழியும். காரின் விலை கூடினால் வாடகை கூடும், கையில் வரும் சம்பளம் குறையும். லாபம் இருப்பது வரியில்தான். ஆபீஸுக்கும் வீட்டுக்கும் சேர்த்துப் பயன்படும் கம்பெனி காருக்குப் பெட்ரோல் செலவையும் நிறுவனமே ஏற்றால், மாதத்துக்கு ஒரு குறிப்பிட்ட தொகையை மட்டும் ஊழியரின் வருமானமாகச் சேர்த்து வரி போடுவார்கள். பல ஆண்டுகள் நடைமுறையில் இருந்த விதிப்படி, இன்ஜின் 1,600 சிசி வரை இருந்தால் அந்தத் தொகை 1,800 ரூபாய். அதற்கு மேல் போனால் 2,400 ரூபாய். 30 சதவிகித வரி கட்டுபவருக்கு, செஸ் சேர்த்து, 1,800 ரூபாய்க்கு மாதம் சுமார் 562 ரூபாய் வரி வந்தது. இந்தத் தொகைகள் திருத்தத்துக்கு உட்பட்டவை என்பதால், நடப்பு ஆண்டின் கணக்கை அக்கவுன்ட்ஸ் பிரிவில் கேட்டுக்கொள்வது நல்லது.

12 லட்சத்துக்குள் கிடைக்கும் கார்களில் பெரும்பாலானவை 1,200 அல்லது 1,500 சிசிக்குள் அடங்கிவிடும். ஆகவே, வரிக்காகச் சின்ன கார், பெரிய கார் என்று மண்டையை உடைத்துக்கொள்ளத் தேவையில்லை. யோசிக்க வேண்டியது ஸ்டியரிங்கைப் பிடிக்கப்போகிறவரைப் பற்றி.

இன்னொரு காலும் இருந்தது!

டிரைவிங் ஸ்கூல் காரில் பயிற்சியாளரின் காலடியிலும் கிளச்சும் பிரேக்கும் இருக்கும். காந்திபுரம் சிக்னலில் வண்டி அணையாமல் நகர்ந்தபோது, 'ஓட்டக் கத்துக்கிட்டேன்' என்று நினைத்திருப்போம். அதில் பாதி வேலையை அவருடைய கால் பார்த்திருக்கும். ஆர்.டி.ஓ மைதானத்தில் டெஸ்ட் கொடுத்து வாங்கிய லைசென்ஸ், வண்டி ஓட்டச் சட்டம் தரும் அனுமதி. பெருமழையில் அவினாசி சாலையில் பஸ்ஸுக்கும் டூவீலர்களுக்கும் நடுவே போகிற பழக்கம் அதற்குப் பிறகுதான் வரும். அதுவரை சின்னச் சின்னத் தப்புகள் நடக்கும்.

அந்தத் தப்புகளைப் பொறுத்துக்கொள்கிற காராக இருக்க வேண்டும்.

அதாவது, நான்கு மீட்டருக்குள் நீளம், திருப்பும் ஆரம் ஐந்து மீட்டருக்குக் கீழ். வேகன்ஆர் 4.7 மீட்டர் ஆரத்தில் திரும்பும், ஸ்விஃப்ட் 4.8 மீட்டரில். படிக்கும்போது அற்ப வித்தியாசமாகத்தான் தெரியும். ஒரு கிளினிக் சந்தில், பின்னால் ஆட்டோ ஹாரன் அடிக்க, ஒரே மூச்சில் திரும்பி வெளியே வருவதா, மூன்று முறை முன்னும் பின்னும் போவதா என்பதைத் திருப்பும் ஆரம்தான் முடிவு செய்யும். உயரமாக உட்கார்ந்து ஓட்டுகிற எஸ்யூவியில் சாலை நன்றாகத் தெரியும் என்பது உண்மை. பானட்டுக்குக் கீழே, டயரை ஒட்டி நிற்கும் நாய்க்குட்டியும் குழந்தையும் தெரியாது என்பதும் உண்மை.

கையில் 12 லட்சம் வரம்பு இருக்கும்போது பெரும்பாலானோர் செய்கிற தவறு, அந்த விலைக்குள் வருகிற மிகப் பெரிய காரின் அடிமட்ட வேரியன்டை எடுப்பது. ஒரு படி சின்ன காரின் மேல் வேரியன்ட் அதே பணத்துக்குள் வந்துவிடும். ரிவர்ஸ் கேமரா, ஆறு ஏர்பேக், ஓட்டுநர் சீட்டின் உயரத்தை மாற்றும் வசதி, மேட்டில் பின்னால் உருளாமல் பிடித்து நிறுத்தும் ஹில் ஹோல்டு எல்லாம் அதில் இருக்க வாய்ப்பு அதிகம். ரிவர்ஸ் சென்சாரும் ஓட்டுநர் ஏர்பேக்கும் 2019 ஜூலையிலிருந்து கட்டாயம். அதனால், ஷோரூமில் அவற்றைப் பெருமையாகச் சொன்னால் சிரித்துக்கொண்டே அடுத்த கேள்விக்குப் போய்விடலாம். பாரத் என்கேப் மோதல் சோதனை 2023 அக்டோபரில் தொடங்கியது. பார்த்துவைத்திருக்கும் மாடல் அதில் எத்தனை நட்சத்திரம் வாங்கியது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. சன்ரூஃபுக்கு அதில் மார்க் கிடையாது. கோவை வெயிலில் அதை எத்தனை நாள் திறக்கப்போகிறார் என்பதைத் தம்பியிடமே கேட்டுவிடலாம்.

கியரா, ஆட்டோமேட்டிக்கா?

இங்கே தயங்க வேண்டாம். ஒரே எல்.எம்.வி லைசென்ஸில் இரண்டையும் ஓட்டலாம். நாள் முழுக்க டாக்டர்களைப் பார்க்க ஊர் சுற்றுகிற புது டிரைவருக்கு, கிளச் என்ற ஒரு கவலை இல்லாமல் இருப்பது பெரிய நிம்மதி. கியர் காரில் படித்தது வீணாகிவிடுமே என்பவர்கள், வீட்டில் பழைய கார் இருந்தால் ஞாயிற்றுக்கிழமைகளில் அதை எடுத்து ஓட்டட்டும்.

விலை குறைந்த ஆட்டோமேட்டிக்குகளில் பல ஏஎம்டி வகை. சாதாரண கியர்பாக்ஸ்தான், கிளச்சை மிதித்து கியரை மாற்றும் வேலையை மட்டும் ஒரு கருவி செய்யும். கியர் மாறும்போது லேசாகத் தலை ஆடும், பழகிவிடும். ஆனால், மேட்டில் நிற்கும்போது ஆக்ஸிலரேட்டரை லேசாக அழுத்தியே வண்டியைப் பிடித்து நிறுத்தக் கூடாது, கிளச் சூடாகித் தேய்ந்துபோகும். பிரேக்கில்தான் நிறுத்த வேண்டும். நிறுவனம் அவரை மாதம் ஒருமுறை ஊட்டிக்கு அனுப்புமானால், மேட்டுப்பாளையம் - குன்னூர் பாதையின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது கியரை மேனுவலுக்கு மாற்றிக் குறைந்த கியரில் இறங்கத் தெரிந்திருக்க வேண்டும். 'ஆட்டோமேட்டிக்தானே' என்று பிரேக்கை மட்டும் நம்பினால், பாதி வழியிலேயே கருகல் வாசனை வந்துவிடும்.

டெஸ்ட் டிரைவுக்கு ஷோரூம்காரர் காட்டுகிற அகலச் சாலை போதாது. அவருடைய அடுக்குமாடியின் பேஸ்மென்ட் சரிவில் ஏற்றிப் பார்க்க வேண்டும், அந்தத் தூணுக்குப் பக்கத்தில் ரிவர்ஸில் நிறுத்திப் பார்க்க வேண்டும். தினமும் போடுகிற செருப்போடு போவது நல்லது. கண்ணாடியின் ஓரத்தூண் எவ்வளவு மறைக்கிறது என்றும் பார்க்க வேண்டும். சில கார்களில் ஒரு டூவீலரே அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும்.

கையெழுத்துக்கு முன்...

புது டிரைவர் முதலில் இடிப்பது பெரும்பாலும் பம்பரில்தான். சாதாரண இன்ஷூரன்ஸில் பிளாஸ்டிக் பாகங்களுக்குத் தேய்மானம் என்று பாதித் தொகையைக் கழித்துவிடுவார்கள். 'பம்பர் டு பம்பர்' என்று சொல்லப்படும் ஜீரோ டெப்ரிசியேஷன் சேர்ந்திருக்கிறதா, ஆண்டுக்கு எத்தனை கிளெய்ம், மீதியைக் கட்டுவது நிறுவனமா ஊழியரா என்று ஹெச்.ஆரிடம் எழுத்தில் வாங்க வேண்டும்.

இன்னொரு விஷயம் பலருக்கும் தெரியாது. சொந்தக் காரின் உரிமையாளர் - ஓட்டுநருக்கு 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு உண்டு. ஆர்.சி ஒரு நிறுவனத்தின் பெயரில் இருந்தால் அந்தக் காப்பீடு கிடையாது. கம்பெனிக்கு லைசென்ஸ் இல்லையே! ஓட்டுகிறவருக்கு விபத்து நேர்ந்தால் வீட்டுக்கு என்ன கிடைக்கும் என்று கேட்பது அபசகுனம் என்று அப்பா முகம் சுளிக்கலாம். கேட்டுத்தான் ஆக வேண்டும். நிறுவனத்தின் குழு விபத்துக் காப்பீட்டில் தன் பெயர் இருக்கிறதா, இல்லையென்றால் தனியாக ஒன்று எடுக்க வேண்டுமா என்பது அப்போதுதான் தெரியும்.

கடைசியாக, வேலையை விட்டால்? நான்கு ஆண்டு லீஸில் இரண்டாம் ஆண்டே நல்ல வேலை வேறிடத்தில் கிடைத்தால், மீதித் தொகையைக் கட்டிக் காரைச் சொந்தமாக்கிக்கொள்ளவோ, புது நிறுவனம் ஒப்புக்கொண்டால் அங்கே மாற்றவோ, அபராதத்தோடு திருப்பித் தரவோ நேரலாம். பெரிய கார் என்றால் அந்தத் தொகையும் பெரியது. காருக்காகவே பிடிக்காத வேலையில் இருப்பவர்களை எல்லா ஆபீஸிலும் பார்க்கலாம்.

டெலிவரிக்கு நல்ல நாள் பார்ப்பார்கள், பார்க்கட்டும். மாலை ஆறு மணி நெரிசலில் ஷோரூமிலிருந்து முதன்முறையாக ஓட்டி வருவதைவிடக் காலை நேர முகூர்த்தமாகக் குறித்து வாங்குவது உத்தமம். நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. அப்பா முன்சீட்டில், தம்பி பின்னால். கணவர் வெளியே நின்று, "மெதுவா... இன்னும் கொஞ்சம் ரைட்ல ஒடி" என்கிறார். அவர் பிரேக்கிலிருந்து காலை எடுக்கிறார். பக்கத்து சீட்டின் காலடியில் இப்போது பெடல் எதுவும் இல்லை.