கோசி வெள்ளம்: ஆற்றின் இயல்பும் சாதியின் பங்கும்

கோசி ஆற்றைப் 'பீகாரின் துயரம்' என்று பாடநூல்கள் குறிப்பிடுகின்றன. அத்தொடர் ஆற்றைக் குற்றவாளியாக்கிவிட்டு, அத்துயரம் யார்மீது அதிகமாக விழுகிறது என்ற கேள்வியை மறைத்துவிடுகிறது.

எவரெஸ்ட், கஞ்சன்ஜங்கா ஆகிய சிகரங்களின் பனியாறுகள் கோசியின் நீர்ப்பிடிப்புப் பகுதிக்குள் அடங்கும். திபெத்தில் தோன்றும் அருண், மேற்கிலிருந்து வரும் சுன் கோசி, கிழக்கிலிருந்து வரும் தமூர் ஆகிய மூன்றும் நேபாளத்தின் திரிவேணியில் இணைகின்றன. அங்கிருந்து சதரா மலை இடுக்கைக் கடந்து சமவெளியில் இறங்கும் கோசி, பீகாரின் குர்சேலா அருகே கங்கையில் கலக்கிறது.

குளிர்காலத்தில் இந்த ஆறு மெலிந்து ஓடும். கோடையில் பனி உருகுவதால் நீர் கூடும். ஆயினும் ஆண்டு நீரோட்டத்தின் பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான பருவமழைக் காலத்திலேயே வருகிறது. அம்மழை இளம் இமயமலைச் சரிவுகளை அரித்து, ஏராளமான வண்டலையும் சேர்த்துக் கொண்டுவருகிறது. சமவெளியில் சரிவு குறைந்து வேகம் தணியும்போது வண்டல் படிகிறது, படுகை மேடாகிறது, ஆறு வேறு பாதை தேடுகிறது. கடந்த இரு நூற்றாண்டுகளுக்கும் மேலான காலத்தில் கோசி ஏறத்தாழ 120 கிலோமீட்டர் மேற்கே நகர்ந்தது இவ்வாறுதான்.

1954ஆம் ஆண்டு இந்திய–நேபாள ஒப்பந்தத்திற்குப் பின், ஆற்றின் இருபுறமும் கரைகள் எழுப்பப்பட்டன. பரந்த நிலத்தில் பரவ வேண்டிய வண்டல் கரைகளுக்கு இடையிலேயே தங்கியதால், படுகை தொடர்ந்து உயர்ந்தது. 2008 ஆகஸ்ட் 18 அன்று நேபாளத்தின் குசகாவில் கிழக்குக் கரை உடைந்து, 30 லட்சத்திற்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். விநாடிக்கு 9.5 லட்சம் கன அடி நீரைத் தாங்குமாறு திட்டமிடப்பட்ட அமைப்பு அது. அன்று ஓடியதோ அதில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. எனவே அதனை இயற்கைச் சீற்றம் என்று மட்டும் கூறித் தப்பிக்க இயலாது. 2024 செப்டம்பர் இறுதியில் வீர்பூர் தடுப்பணையிலிருந்து 6.61 லட்சம் கன அடி திறக்கப்பட்டபோதும் கரைகள் உடைந்தன.

இரு கரைகளுக்கும் இடையே இன்றும் நூற்றுக்கணக்கான கிராமங்கள் உள்ளன. கரைக்கு வெளியே இருப்போரைக் காக்கும் பொருட்டு இவர்கள் ஆண்டுதோறும் வெள்ளத்திற்குள் விடப்படுகின்றனர். இவர்களிலும் பாதிப்பு சமமன்று. மேட்டு நிலமும் செங்கல் வீடும் உடையவர் ஓரளவு தாங்கிக்கொள்வர். பெரும்பாலும் நிலமற்ற விவசாயக் கூலிகளான முசகர் மக்களின் குடிசைகள் ஊருக்கு வெளியே, தாழ்வான இடங்களில் அமைந்திருக்கின்றன. நீர் முதலில் நுழைவதும் கடைசியில் வடிவதும் அங்குதான். பட்டா இல்லாதவருக்குப் பயிர் இழப்பீடு எட்டுவது அரிது. அவர்கள் இழந்த கூலி நாட்களை எவரும் கணக்கிடுவதில்லை. 2008 வெள்ளத்தின்போது நிவாரண முகாம்களிலும் தலித்துகள் பாகுபாட்டுக்கு உள்ளாயினர் என்பதைத் தலித் அமைப்புகள் ஆவணப்படுத்தியுள்ளன.

கரைகளை உயர்த்துவது மட்டுமே தீர்வென அரசு கருதும்வரை இந்நிலை மாறாது. மேட்டு நிலத்தில் வீட்டுமனைப் பட்டா, சாதிவாரியான சேதக் கணக்கெடுப்பு, கூலி இழப்பிற்கும் நிவாரணம் ஆகியவை உடனடித் தேவைகள். கோசி எந்த மாதத்தில் பெருகும் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்த வெள்ளத்தில் ஒரே மக்கள் ஆண்டுதோறும் மூழ்குவது இயற்கையின் செயலன்று. அது சமூக அநீதி.