எச்சரிக்கையும் ஆங்கிலச் சொன்மரபும்

ஒரு சொல்லின் பொருளை அறிதல் வேறு. அச்சொல் எச்சொல்லோடு இணங்கி நிற்கும் என அறிதல் வேறு. தமிழிலே நாம் சோற்றை உண்கிறோம், முறுக்கைத் தின்கிறோம், நீரைப் பருகுகிறோம். மாற்றி உரைப்பினும் பொருள் ஒருவாறு விளங்கும். ஆயினும் கேட்போர் நகைப்பர். இதனை நம் முன்னோர் மரபு என்றனர். ஆங்கிலச் சொற்களின் இத்தகைய சேர்க்கைகளைத் தொகுத்து, ஹரோல்ட் பாமர் என்பார் 1933ஆம் ஆண்டிலே தோக்கியோவில் ஓர் அறிக்கை வெளியிட்டார். 'கொலோகேஷன்' என்பது இச்சேர்க்கையின் பெயர்.

பிற இடங்களில் இம்மரபு வழுவினால் நகைப்போடு ஒழியும். எச்சரிக்கையில் வழுவினால் ஊறு நேரவுங்கூடும். ஆதலின் அதனையே ஈண்டு எடுத்துக்கொள்வோம்.

நாம் எச்சரிக்கை 'செய்கிறோம்', 'சொல்கிறோம்'. இவற்றை அவ்வாறே பெயர்த்து 'மேக் எ வோர்னிங்', 'டெல் எ வோர்னிங்' என எழுதுதல் ஆங்கில வழக்கன்று. ஒருவர் மற்றொருவர்க்குக் கூறுவது 'கிவ் எ வோர்னிங்'. அரசோ திணைக்களமோ முறைப்படி அறிவிப்பது 'இஷூ எ வோர்னிங்'. கேட்டு அதன்வழி நடத்தல் 'ஹீட்'; பொருட்படுத்தாது விடுதல் 'இக்னோர்'.

அடைமொழியிலும் நுட்பம் உண்டு. கடுமழைக்கு 'ஹெவி' பொருந்தும். கடும் எச்சரிக்கைக்குப் பொருந்தாது. தவறிழைத்தோரை அதிகாரி கண்டிப்பது 'ஸ்டேர்ண் வோர்னிங்'. பெருங்கேடு வருமென முன்னுரைப்பது 'டையர் வோர்னிங்'. 'சிவியர் வெதர் வோர்னிங்' என்பதிலோ, 'சிவியர்' வானிலையைச் சிறப்பிக்கின்றதேயன்றி எச்சரிக்கையை அன்று.

வானிலை அறிவிப்பில் இவ்வேறுபாடு உயிரோடு தொடர்புடையது. அமெரிக்காவில் 'ஹரிக்கேன் வாட்ச்' என அறிவித்தால், அக்கடும் புயல் தாக்கக்கூடும் என்பது கருத்து. 'ஹரிக்கேன் வோர்னிங்' என்றால், தாக்கும் என்றே எதிர்பார்க்கப்படுகின்றது. புயற்காற்றுத் தொடங்குமெனக் கருதும் வேளைக்கு 48 மணி நேரம் முன்னர் முன்னதும், 36 மணி நேரம் முன்னர் பின்னதும் வெளியிடப்படும். இரண்டையும் ஒன்றெனக் கொள்பவர், புறப்பட வேண்டிய வேளையிற் காத்திருப்பர்.

ஆதலின் மாணவர்கள் 'வோர்னிங்' என்னும் தனிச்சொல்லை மட்டும் மனனஞ் செய்தல் போதாது. ஆங்கிலப் பத்திரிகையில் வானிலைச் செய்தியையும் நீதிமன்றச் செய்தியையும் நாடோறும் படித்து, அச்சொல்லுக்கு முன்நிற்கும் வினையையும் அடையையும் சேர்த்தே குறிப்பேட்டில் எழுதுக. யார், யாருக்கு, எதுபற்றி எச்சரித்தனர் என்பதையும் உடன் குறித்துக்கொள்க. சில திங்களில் இம்மரபு நாவிற் படியும்.