பெட்டிக்குள் அடங்கும் டபுள் பேஸ்

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து இராஜபாளையத்துக்குப் பேருந்தில் போகும்போது, காதில் இயர்போன் மாட்டிப் பாட்டுக் கேட்டிருக்கிறீர்களா? பாடகரின் குரல் கேட்கும், புல்லாங்குழல் கேட்கும். அடியில் 'தும் தும்' என்று நடக்கும் பேஸ் மட்டும் காணாமற் போயிருக்கும். அதை விழுங்கியது பேருந்தின் எஞ்சின்! ஆறு உருளைகள் கொண்ட டீசல் எஞ்சின் நிமிடத்துக்கு 1,500 சுற்றுகள் சுழல்வதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு சுற்றிலும் மூன்று உருளைகளில் எரிபொருள் எரியும். ஆக, வினாடிக்கு 75 வெடிப்புகள். டபுள் பேஸ் கருவியின் தந்திகளுள் ஒன்றோ வினாடிக்குச் சுமார் 73 முறை அதிர்கிறது. அதிர்வெண்கள் இவ்வளவு நெருங்கும்போது, உரத்த ஒலி மெல்லிய ஒலியை மறைத்துவிடுகிறது.

டபுள் பேஸ் என்பது வயலின் குடும்பத்தின் பெரியண்ணன். ஆளுயரம் இருக்கும், நின்றுகொண்டு வாசிப்பார்கள். அதன் மிகத் தடித்த தந்தி வினாடிக்கு 41 முறை அதிர்கிறது. காற்றில் அந்த ஒலியின் அலைநீளம் எட்டு மீட்டருக்குச் சற்று அதிகம். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயில் கோபுரத்தின் உயரம் ஏறக்குறைய 192 அடி அல்லவா? அந்த உயரத்தில் இப்படிப்பட்ட அலைகள் ஏழுதான் அடங்கும்! இவ்வளவு நீண்ட அலையை எழுப்பப் பெரிய மரக்கூடு வேண்டியிருக்கிறது. ஆகவே விலையும் பெரிது, எடுத்துச் செல்வதும் பாடு.

கணிப்பொறியில் பாட்டு அமைப்பவர்கள் இதற்கு ஒரு வழி கண்டார்கள். தேர்ந்த கலைஞர் ஒவ்வொரு சுரமாக மீட்டுவார். அவற்றைத் தனித்தனியே பதிவு செய்து, விசைப்பலகையின் கட்டைகளுடன் இணைத்துவிடுவார்கள். கட்டையை அழுத்தினால் அந்தப் பதிவு ஒலிக்கும். 1979-இல் ஆஸ்திரேலியாவில் உருவான 'ஃபேர்லைட்' இவ்வகைக் கருவிகளுள் முன்னோடி; செல்வந்தர்களுக்கே எட்டியது. இன்று வீட்டுக் கணிப்பொறியே அந்த வேலையைச் செய்கிறது.

உங்கள் பள்ளி ஆண்டு விழாப் பாட்டுக்கு இப்படி ஒரு பேஸ் தேவை. கையில் பணமோ குறைவு. எதைத் தேர்ந்தெடுப்பது? "எங்கள் தொகுப்பு 20 ஜி.பி." என்று விளம்பரம் சொன்னால் மயங்கிவிடாதீர்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒலியை வினாடிக்கு 44,100 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் இரண்டு பைட்டுகளில் எழுதுகிறோம். இரு காதுகளுக்கும் சேர்த்து வினாடிக்கு 1,76,400 பைட்டுகள். பேஸில் நமக்கு வேண்டியவை சுமார் 28 சுரங்கள். மூன்று சுரங்களுக்கு ஒன்றாகப் பதிந்தால் 10 பதிவுகள். மெதுவாக, நடுத்தரமாக, ஓங்கி என்று மூன்று வகையில், வகைக்கு நான்கு தடவை மீட்டினால் மொத்தம் 120. ஒவ்வொன்றும் ஐந்து வினாடி நீண்டால் எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 106 எம்.பி.தான்! நல்ல பேஸ் ஒன்றுக்கு இதுவே பெரும்பாலும் போதும்.

ஏன் நான்கு தடவை? திருவிழாவில் தவில் வித்துவானைக் கவனியுங்கள். ஒரே சொல்லை அடுத்தடுத்து நான்கு முறை அடித்தாலும் ஒன்றைப் போல் மற்றொன்று இருக்காது. ஒரே பதிவு திரும்பத் திரும்ப ஒலித்தாலோ, தையல் இயந்திரம் ஓடுவதுபோல் காதை உறுத்தும். ஆகவே மாதிரியைக் கேட்கும்போது, ஒரே சுரத்தை எட்டு முறை வாசித்துப் பாருங்கள். பல தொகுப்புகள் இங்கேயே தோற்றுவிடும். அடுத்து மெதுவாகவும் ஓங்கியும் வாசியுங்கள். தந்தியை ஓங்கி இழுத்தால் சத்தம் மட்டுமா கூடும்? மேற்சுரங்களும் பெருகி, ஒலியின் நிறமே மாறும். வெறுமனே சத்தம் கூடிக் குறைந்தால், அங்கே இருப்பது ஒரே பதிவு.

இன்னொரு சிக்கனமும் உண்டு. பதிவை 19 சதவீதம் வேகமாக ஓட்டினால் மூன்று அரைச்சுரம் மேலே ஏறும். ஆனால் மரக்கூட்டின் ஒத்ததிர்வும் கூடவே ஏறிவிடும். கருவியே சுருங்கிப் போனதுபோல் கேட்கும். ஓரிரு அரைச்சுரம் பாதகமில்லை. ஒரு பதிவை முழு ஸ்தாயிக்கு இழுத்தால் டபுள் பேஸ் பொம்மையாகிவிடும்.

காசு கொடுக்காமலே நல்லவை கிடைக்கின்றன. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகம் 1997 முதல் பல கருவிகளின் பதிவுகளை எல்லாருக்கும் வழங்கிவருகிறது. டபுள் பேஸும் அதில் உண்டு. ஆனால் சுரம் சுரமாக நீங்களேதான் கோக்க வேண்டும். பொறுமை உள்ளவர்களுக்கு அருமையான பயிற்சி! அவசரக்காரர்கள் 'கரோரிஃபர்' குழுவின் 'மீட்பாஸ்' தொகுப்பை 'ஸ்ஃபோர்சாண்டோ' என்ற இலவச மென்பொருளில் ஏற்றிக்கொள்ளலாம். எதை எடுத்தாலும் உரிமக் குறிப்பைப் படித்துவிடுங்கள். இலவசம் வேறு, பொது நிகழ்ச்சியில் பயன்படுத்தும் அனுமதி வேறு.

கைப்பேசியின் ஒலிபெருக்கியை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்லாதீர்கள். அதன் சின்னஞ்சிறு தகட்டால் 41 அதிர்வுகளை எழுப்ப முடியாது. 82, 123, 164 என்ற மேற்சுரங்களுள் மேலே உள்ளவைதாம் ஓரளவு வெளிவரும். அவற்றைக் கொண்டே மூளை கீழ்ச்சுரத்தை ஊகித்துக்கொள்கிறது. விழாப் பந்தலின் பெரிய பெட்டிகளில் அதே பாட்டு ஒலிக்கும்போது, நீங்கள் அதுவரை கேட்டிராத அடி ஒலி திடீரென்று புறப்பட்டுப் பாடகரையே மூழ்கடிக்கலாம். ஒலிபெருக்கி அமைக்கும் அண்ணனிடம் கேட்டுக்கொண்டு, விழாவுக்கு முன்பே ஒரு முறை அந்தப் பெட்டிகளில் போட்டுக் கேளுங்கள்.