மிருதங்கத்தின் கறுப்பு வட்டம்

வெறும் தோலை ஒரு வளையத்தில் இறுக்கிக் கட்டித் தட்டிப் பாருங்கள். 'டப்' என்று ஓசை வரும், சுருதி நிற்காது. தம்புராவின் தந்தி அப்படியல்ல. அடிப்படை அதிர்வோடு அதன் இரு மடங்கும் மும்மடங்கும் சேர்ந்தே எழும். முழு எண் கணக்கில் அமைவதால் காது அவற்றை ஒரே சுரமாகக் கேட்கிறது. தோலின் அதிர்வுகளோ 1, 1.59, 2.14, 2.30 என்று தாறுமாறாகப் போகின்றன.

பிறகு மிருதங்கத்தின் வலப்பக்கத் தோலான வலந்தலை மட்டும் எப்படிச் சுருதி சேர்கிறது? இந்தக் கேள்வியைக் கையில் எடுத்தவர் சர் சி.வி. ராமன். திருச்சி திருவானைக்காவலில் பிறந்தவர். மனைவி லோகசுந்தரி வீணை வாசிப்பார். ஒளிச்சிதறலுக்காக 1930-இல் நோபல் பரிசு பெறுவதற்குப் பத்து ஆண்டுகள் முன்பே, கல்கத்தாவில் இருந்தபோது, சிவகாலி குமாருடன் சேர்ந்து நம் தோல் வாத்தியங்களைப் பற்றி 'நேச்சர்' இதழில் எழுதினார்.

விடை, நடுவிலிருக்கும் கறுப்பு வட்டத்தில் இருக்கிறது. அதைச் 'சோறு' என்பார்கள். கிட்டக்கல் பொடியை உண்மையிலேயே குழைந்த சோற்றோடு பிசைந்துதான் இடுகிறார்கள். மெல்லிய பூச்சாகத் தடவி, கல்லால் தேய்த்து, காய்ந்தபின் அடுத்த பூச்சு. நடுவில் தடிப்பு, ஓரத்தில் மெலிவு. தேய்க்கத் தேய்க்க முடியிழை போன்ற வெடிப்புகள் விழும். அவை குறையல்ல, அவற்றால்தான் கனமான அந்த வட்டம் தோலோடு சேர்ந்து வளைகிறது.

அடிப்படை அதிர்வில் தோலின் நடுப்பகுதிதான் அதிகம் எழுந்து தாழும். அங்கே கனம் ஏறினால் அந்த அதிர்வு மந்தமாகிறது. அடுத்த அதிர்விலோ நடுப்புள்ளி அசைவதே இல்லை. எனவே கனம் அதை அவ்வளவாகத் தொடுவதில்லை. 1-க்கும் 1.59-க்கும் இருந்த இடைவெளி விரிந்து 1-க்கு 2 ஆகிறது. இப்படி ஒன்பது வகை அதிர்வுகள் ஐந்தே சுரங்களுக்குள் அடங்குவதை, தோலின்மேல் நுண்மணலைத் தூவி ராமன் காட்டினார். அசையாத கோடுகளில் மணல் ஒதுங்கி நிற்கும்.

'நம்' என்ற சொல்லை மிருதங்கத்தில் வாசிக்கும் கையைக் கவனியுங்கள். மோதிர விரல் சோற்றின் ஓரத்தை லேசாகத் தொட்டிருக்க, ஆள்காட்டி விரல் விளிம்பைத் தட்டும். தொடும் விரல் அடிப்படை அதிர்வை அடக்கிவிடுவதால் இரண்டாம் சுரம் தெளிவாக ஒலிக்கிறது. சமன்பாடு எதுவும் இல்லாமல், காதை மட்டுமே நம்பி இந்த இடத்தைக் கண்டுபிடித்தவர்களை நினைத்தால் எனக்குக் கைகூப்பத் தோன்றுகிறது.

இடப்பக்கத் தொப்பிக்கு நிரந்தரச் சோறு கிடையாது. கச்சேரிக்குச் சற்று முன் ரவையைத் தண்ணீரில் பிசைந்து நடுவில் அப்புவார்கள். கும்கி என்னும் ஆழ்ந்த ஒலி இறங்கும்வரை கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, வாசித்து முடித்ததும் சுரண்டி எடுத்துவிடுவார்கள்.