வலி போனதும் ஓடாதீர்கள்

மே மாதம் பிறந்தால் கற்பிட்டிக் கரையைத் தென்மேற்குக் காற்று பிடித்துக்கொள்ளும். ஒக்டோபர் வரை களப்பின்மேல் கைட் சர்பிங் பட்டங்கள்தான். கடல் அடங்கியதும் உடப்பில் கரைவலை இழுப்பு மும்முரமாகும். புத்தளம் நகரத்து உதைபந்தாட்டம் பருவம் பார்ப்பதில்லை. மூன்றிலும் சுமை வந்து இறங்குவது முழங்காலில்.

முழங்காலில் எலும்பை எலும்போடு பிணைப்பவை இணைநார்கள். தசையை எலும்போடு பிணைப்பவை தசைநாண்கள். ஊரில் இரண்டையும் சேர்த்துச் 'சவ்வு கிழிஞ்சு போச்சு' என்பார்கள். ஆனால் கிழிந்தது எது என்பதைப் பொறுத்து வைத்தியம் தலைகீழாக மாறும்.

உட்பக்க இணைநார் கிழிந்தால் பெரும்பாலும் கத்தி வைக்க வேண்டியதில்லை. அதற்கு இரத்த ஓட்டம் நன்றாக உண்டு. முழங்காலுக்குத் தாங்குபட்டி போட்டு, பயிற்சியும் செய்துவந்தால் தானே கூடிவிடும்.

முழங்கால் சில்லுக்கு மேலோ கீழோ உள்ள தசைநாண் முற்றாக அறுந்தால் அவசரம். படகிலிருந்து குதிக்கும்போது கால் மடங்கி விழுந்தவரை மல்லாந்து படுக்கவைத்து, காலை நீட்டியபடியே தூக்கச் சொல்லுங்கள். முடியவில்லை என்றால் தசைநாண் அறுந்திருக்கலாம். தொடைத்தசை நாளுக்கு நாள் சுருங்குவதால், வாரக்கணக்கில் விட்டால் அறுந்த முனைகளைச் சேர்ப்பதே பெரும்பாடு. எண்ணெய்க் கட்டுப் போட்டுப் பார்ப்போம் என்று நாளைக் கடத்தாமல் புத்தளம் அல்லது சிலாபம் அரசாங்க வைத்தியசாலைக்கு அன்றே போய்விட வேண்டும். அறுவையில் எலும்பில் துளையிட்டு, உறுதியான நூலால் நாணைத் தைத்துப் பொருத்துவார்கள்.

மூட்டின் நடுவே குறுக்காக ஓடும் முன்குறுக்கு இணைநார் இந்த இரண்டு வைத்திய வழிகளிலும் சேராது. நீளம் மூன்று சென்ரிமீற்றர் அளவுதான். ஆனால் இளவயதில் 200 கிலோ எடைக்கு ஈடான இழுவிசையைத் தாங்கும். ஓடிய வேகத்தில் பாதம் ஊன்றி நிற்க, உடல் மட்டும் திரும்பினால் அது அறும். பலருக்கு 'டப்' என்று சத்தம் கேட்கும்; சில மணி நேரத்தில் முழங்கால் வீங்கிவிடும். மூட்டுக்குள் இருக்கும் நீர் இரத்தக்கட்டியைக் கரைத்துவிடுவதால் அறுந்த முனைகள் தாமாக ஒட்டுவது அரிது.

1895இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் மேயோ ராப்சன் என்ற அறுவை வைத்தியர் ஒரு சுரங்கத் தொழிலாளியின் குறுக்கு இணைநார்களைத் தைத்துப் பார்த்தார். 1917இல் ஹே குரோவ்ஸ், தொடையின் வெளிப்புற நார்ப்பட்டையில் ஒரு கீற்றை எடுத்துப் புதிய இணைநாராகவே வைத்தார். இன்றைய வழக்கமும் இந்த இரண்டாவது வழிதான். பின்தொடைத் தசைநாணையோ சில்லுக்குக் கீழுள்ள தசைநாணின் ஒரு பகுதியையோ எடுத்து, நுண்துளைக் கமெராவின் உதவியோடு எலும்புத் துளைகளில் பொருத்துகிறார்கள்.

எல்லோருக்கும் இந்த அறுவை வேண்டியதில்லை. சுவீடனில் இளவயதினர் 121 பேரிடம் செய்த ஆய்வில், முதலில் பயிற்சியை மட்டும் மேற்கொண்டவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு ஐந்தாண்டு கடந்தும் அறுவை தேவைப்படவில்லை. ஆனால் பயிற்சிக்குப் பிறகும் நடக்கையில் முழங்கால் நழுவுபவருக்கும், திரும்பித் திரும்பி ஓட வேண்டிய ஆட்டக்காரருக்கும் அறுவை பயன் தரும்.

அறுவை முடிந்தபின் வருவதுதான் உண்மையான சோதனை. ஒட்டவைத்த நாணின் பழைய உயிரணுக்கள் முதலில் மடியும். பிறகு புதிய இரத்தக்குழாய்கள் அதனுள் நுழைந்து அதை மெல்ல இணைநாராக மாற்றும். ஆறாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம் வரை அது மிகவும் பலவீனமாக இருக்கும். வலியும் வீக்கமும் வடிந்து, 'எனக்கு இப்ப ஒண்டுமில்லை' என்று ஆள் எழுந்து நடமாடுவதும் அதே வாரங்களில்தான்.

2016இல் வெளியான ஓர் ஆய்வின்படி, ஒன்பதாவது மாதம் வரை ஆட்டத்துக்குத் திரும்புவதைத் தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதமும் மறுகாயத்தை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தது. மாதக் கணக்கு மட்டும் போதாது. காயப்பட்ட காலின் தொடைப்பலமும் ஒற்றைக்கால் தாண்டலும் மற்றக் காலின் 90 சதவீதத்தையாவது எட்ட வேண்டும்.

கரைவலைக்காரருக்கு இது வயிற்றுப்பாட்டுப் பிரச்சினை. வலையிழுப்பில் குதிகால் மணலில் புதைய, உடல் பின்னால் சாய, முழங்கால் முழுச்சுமையையும் ஏந்துகிறது. அந்த வேலைக்குத் திரும்பப் பல மாதங்கள் ஆகும். அதுவரை வலை பொத்துவது, மீன் தரம்பிரிப்பது போன்ற இருந்து செய்யும் வேலைக்கு ஒரு பங்கு தர வலைச் சொந்தக்காரரான சம்மாட்டியிடம் அறுவைக்கு முன்பே பேசி வைப்பது நல்லது. வீட்டில் சோறு வேகும் என்று தெரிந்தால்தான் பயிற்சியை இடையில் விடாமல் முடிக்க மனிதருக்கு மனம் வரும்.